சொருக முடிகிறது, படம்தான் வரவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். லேப்டாப்போடு சேர்த்து வைக்கத் தனியாக ஒரு மானிட்டர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

"டைப்-சி போர்ட் இருக்கு, எதை வேணும்னாலும் சொருகலாம்" என்று கடையில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை முழு விலைக்கு விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

என் பழைய மாணவி ஒருத்தி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள். சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக் கழுத்து வலி வந்துவிட்டது. சீட்டுப் பணத்தில் டைப்-சி உள்ள மானிட்டர் வாங்கினாள். லேப்டாப்பிலும் டைப்-சி இருக்கிறது. ஒயர் அழகாகப் பொருந்தியது. திரையில் 'நோ சிக்னல்'. கடைக்காரர் லேப்டாப்பைக் குறை சொன்னார், லேப்டாப் சர்வீஸ்காரர் மானிட்டரைக் குறை சொன்னார். "டீச்சர், சரியாத்தானே பொருந்துது, அப்புறம் ஏன் வரலை?" என்று போனில் கேட்டாள். நியாயமான கேள்வி.

எங்கள் ஜீயபுரம் வழியாகப் போகும் ஈரோடு ரயில் அப்போதே அகலப்பாதை. திருச்சி ஜங்ஷனில் மாறித் தஞ்சாவூர் போனால் மீட்டர் பாதை. இதில் ஓடுவது அதில் ஓடாது என்பது தண்டவாளத்தைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய போர்ட்களும் அப்படித்தான் இருந்தன. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ மூன்று வரிசையில் 15 துளை, இரண்டு பக்கமும் திருகு, பெரும்பாலும் நீல நிறம். எச்டிஎம்ஐ வேறு வடிவம். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு மூலை வெட்டியிருக்கும். வடிவத்தைப் பார்த்தால் வேலை தெரிந்தது.

2014-ல் வந்த டைப்-சி அந்த ஒழுங்கைக் கெடுத்துவிட்டது. ஒரே வடிவம். ஒன்றில் சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், அவ்வளவுதான். இன்னொன்றில் படமும் வரும். படம் தருவது கம்பெனியின் விருப்பம், கட்டாயமில்லை என்றுதான் அதன் விதியே இருக்கிறது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்கு இந்தியத் தரத்தை வெளியிட்டபோதும் இந்த நிலை மாறவில்லை. ஐரோப்பாவில் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி கட்டாயம் என்று சட்டம் போட்டார்களே, அதுவும் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றியதுதான். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒயரிலும் இதே கதை. போன் சார்ஜரோடு வரும் டைப்-சி ஒயர் பெரும்பாலும் படத்தைக் கடத்தாது. அதற்கு வேண்டிய கம்பிகளே உள்ளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்து யார் கண்டுபிடிப்பது?

பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம், என்ன விலை, யார் தயாரிப்பு என்று அச்சடிக்காமல் விற்க முடியாது. 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள் இருக்கின்றன. ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் "இந்தப் போர்ட்டில் படம் வரும், இதில் வராது" என்று ஒரு வரி அச்சடிக்க மட்டும் இடமில்லையா? எல்லாப் போர்ட்டிலும் படம் வரவைத்தால் விலை கூடும் என்கிறார்கள். கூட்டவே வேண்டாம். எதில் வரும் என்று சொல்லுங்கள் என்றுதானே கேட்கிறோம். வாங்குகிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சில மேதாவிகள் கமெண்டில் வருவார்கள். எழுதாததை எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

அதுவரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். போர்ட் பக்கத்தில் மின்னல் அம்புக்குறியோ, 'டி'யும் 'பி'யும் பின்னிய குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாத சிலவற்றிலும் வரும், அது இன்னும் கொடுமை. சந்தேகம் இருந்தால் எச்டிஎம்ஐ வாங்குங்கள். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டருக்கு அது தாராளம், சத்தமும் அதே ஒயரில் போகும். 4கே மானிட்டர் என்றால் லேப்டாப்பில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1.4 என்றால் நொடிக்கு 30 படம்தான், மவுஸ் தத்தித் தத்தி நகரும். 2.0 என்றால் 60.

கன்வர்ட்டர் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. லேப்டாப்பின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போக சாதாரண ஒயரே பெரும்பாலும் போதும். அதே ஒயரைத் திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது. வீட்டில் பழைய விஜிஏ மானிட்டர் நன்றாக ஓடினால் காயலான் கடையில் போடாதீர்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குச் சிப் வைத்த கன்வர்ட்டர் கிடைக்கிறது. சிப் இல்லாத வெறும் ஒயரை யாராவது மலிவாக நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துப்போய், மாட்டி, படம் வந்த பிறகு பணம் கொடுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. குழம்பினால் லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் மானிட்டரின் முதுகையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வெளிச்சத்தில் எடுங்கள்.