சரித்திரத்தைப் போகியில் போடாதீர்கள்

பழம்பெருமை பேச நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேடை ஏறிவிட்டால், ராஜேந்திர சோழன் கப்பலேறிப் போய்க் கடாரம் வென்ற கதையை அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லுவோம். அப்படிச் சொல்லுகிறவரை மேடையை விட்டு இறங்கியதும் ஓரமாக அழைத்து, "யுத்த காலத்தில் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். "மலாயாவில் இருந்தார் என்று சொல்லுவார்கள்" என்பார். மலாயாவில் எந்த ஊர்? தெரியாது. தோட்டத்திலா, கடையிலா? தெரியாது. எப்போது திரும்பி வந்தார்? "யுத்தம் முடிந்த பிறகு இருக்கும்." கடாரம் என்பது இன்றைய மலேசியாவிலுள்ள கெடாதான் என்று படித்திருக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கடாரம் நமக்கு மனப்பாடம். எண்பது வருஷத்துக்கு முந்திய கடாரம் தெரியாது!

இந்த விசித்திரத்துக்குக் காரணம் மறதி என்றால் மன்னித்து விடலாம். காரணம் அதுவல்ல. சாமானிய ஜனங்கள் எழுதிய காகிதத்துக்கு மதிப்பில்லை என்று நாம் தீர்மானம் செய்துவிட்டோம். அந்தத் தீர்மானத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது புவனகிரி. ராகவேந்திர சுவாமிகள் அவதரித்த ஊர் என்று பக்தர்கள் தேடி வருவார்கள். நான் போனது அதற்காக அல்ல. பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து மலாயாவுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி நாவல் எழுத எண்ணியிருந்தேன். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஒரு வீட்டில் பழைய கடிதங்கள் உண்டென்று கேள்விப்பட்டு அங்கே போனேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். காபி கொடுத்து உபசரித்த பிறகு விஷயத்தைச் சொன்னார்:

"இருந்ததுங்க ஐயா, ஒரு தகரப் பெட்டி நிறைய. எங்க தாத்தா மலாயாவிலிருந்து எழுதினது. போன போகிக்கு வீட்டை வெள்ளையடிச்சோம். அப்பத்தான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டோம்."

"எங்கே போட்டீர்கள்?"

"போகியிலேதான். வெறும் க்ஷேமலாபக் கடுதாசிதானுங்களே!"

"பெட்டி?"

"அதை பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கிட்டாருங்க."

துருப்பிடித்த தகரத்துக்கு ஒரு விலை கிடைத்திருக்கிறது. உள்ளே இருந்ததற்கு நெருப்புத்தான். அந்த நல்ல மனிதரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு விதமாக யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் பானிப்பட்டு யுத்தம் இருக்கிறது. அவர் தாத்தா இல்லை.

"வெறும் க்ஷேமலாபக் கடுதாசி" என்ற அந்த வார்த்தையைச் சற்று எடுத்துப் பார்ப்போம். 1941-ஆம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் கோத்தபாருவில் கரையிறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு தபாலும் நின்றது, மணியார்டரும் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும் வரை, மூன்றரை வருஷ காலத்துக்கு மேல், அக்கரைக்கும் இக்கரைக்கும் வழக்கமான தபால் கிடையாது. இங்கே இருந்த மனைவிக்குத் தான் சுமங்கலிதானா என்பதே தெரியாது. மஞ்சள் குங்குமம் வைத்துக்கொள்ளும் போதெல்லாம் கை நடுங்கியிருக்கும். பணம் வராததால் அரிசிக்கு என்ன செய்தாள், எந்தப் பாத்திரத்தை அடகு வைத்தாள், யாரிடம் பேச்சுக் கேட்டாள்? அப்புறம் ஒரு நாள் தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிரித்துப் பார்த்தால், "இவ்விடம் க்ஷேமம்" என்று இரண்டு வார்த்தை. அதை வெறும் க்ஷேமலாபம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? நானும் நாவல் எழுதுகிறவன்தான். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக நாநூறு பக்கத்தில் நான் ஒன்றும் எழுதிவிடவில்லை.

வராத கடிதங்களும் உண்டு. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோ மீட்டர் தூரம் ஜப்பானியர் ரயில் பாதை போட்டார்கள். 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். யுத்தக் கைதிகளான வெள்ளைக்காரர்கள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுடைய பெயர்கள் தெரியும். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கல்லறைகளை இன்றும் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கைதிகளில் சிலர், பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும், மூங்கில் குழாயிலும் மண்ணிலும் ஒளித்து வைத்து டயரி எழுதினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் எட்வர்ட் டன்லப்பின் டயரி 1986-ல் புத்தகமாகவே வந்தது.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் செத்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகிறார்கள். எல்லாமே உத்தேசந்தான். வெள்ளைக்காரன் செத்தால் எண்ணிக்கை. நம்மவன் செத்தால் மதிப்பீடு! இதற்கு ஜப்பானியரை மாத்திரம் நொந்து பயனில்லை. தப்பி வந்தவர்கள் சொன்னதை யார் எழுதி வைத்தோம்? அவர்கள் வீட்டுக்கு எழுதிய நாலு வரியை யார் வைத்திருக்கிறோம்?

"தமிழனுக்கு டயரி எழுதும் வழக்கமே கிடையாது" என்று சில படித்தவர்கள் சொல்லுவதுண்டு. சுத்தப் பொய். நம் வாசலிலேயே அத்தாட்சி இருக்கிறது. கடலூருக்கு அடுத்த புதுச்சேரியில், துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை கால் நூற்றாண்டு தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைப்பட்டணத்தைப் பிடித்தது, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அந்த முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது, 1758-ல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை விழுந்தது, எல்லாம் நடந்த காலம் அது. யுத்தத்தின் நடுவில் உட்கார்ந்து, கவர்னர் பேச்சையும் கப்பல் வரவையும் சரக்கு விலையையும் வீட்டு விசேஷத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினார். புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில தினங்களுக்கு முன்புதான் காலமானார்.

அந்தப் பொக்கிஷத்தை நாம் எப்படிக் காப்பாற்றினோம் என்பதையும் கேளுங்கள். எண்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு வீட்டில் கிடந்தது. 1846-ல் அதைத் தேடிப் பார்த்துப் படி எடுக்கச் செய்தவர் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாகச் சென்னை சர்க்கார் அதை இங்கிலீஷில் வெளியிட்டது. தமிழன் தமிழில் எழுதியது தமிழில் அச்சாகத் தொடங்கியதோ 1948-ல்! நடுநடுவே சில பகுதிகள் காணாமலும் போயின. மிஞ்சியதை வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை எழுதினார்; பின்னதற்கு 1995-ல் சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. அவற்றை ரசித்துப் படித்த வாசகர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தலைமுறையிலாவது ஒரு மருமகள், "பூச்சி அரித்த இந்தக் குப்பை எதற்கு?" என்று போகியில் போட்டிருந்தால் அந்த நாவல்களும் இல்லை.

பிள்ளைக்குப் பிறகு வந்த யுத்தத்தில் புவனகிரி வட்டாரமே போர்க்களமாக இருந்தது. 1781 ஜூன் மாதத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் படையினர் கோட்டையாக வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கினார். ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை எதிர்த்து ஜெயித்தார். 1783 ஜூன் மாதத்தில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். ஐரோப்பாவில் அந்த இரண்டு தேசங்களும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன! சேதி கொண்டுவந்த கடிதம் கடலூருக்குத் தாமதமாக வந்ததுதான் கோளாறு. இந்த யுத்தத்தில் சண்டை போட்ட இன்னஸ் மன்ரோ என்ற ஆங்கிலப் பட்டாள அதிகாரி 1789-லேயே தம் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். இரண்டு படைகளும் மாறி மாறி மிதித்த வயல் யாருடையதோ அவன் எழுதியது எங்கே? வெள்ளாற்றங்கரைக் குடியானவனின் பஞ்சத்தை அன்னியப் பட்டாளத்துக்காரனின் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில் பிரான்சில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைச் சர்க்கார் தணிக்கை செய்தது. தணிக்கை அதிகாரிகள் சந்தேகத்தோடு பிரித்துப் படித்து, முக்கியமானவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து அறிக்கை தயாரித்தார்கள். அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றிலிருந்து புத்தகம் போடுகிறார்கள். பெரும்பாலும் வடக்கத்திச் சிப்பாய்களின் கடிதங்கள் அவை. அன்போடு வாங்கிப் படித்த வீடுகளில் எத்தனை மூலக் கடிதங்கள் மிஞ்சின? சந்தேகப்பட்டவன் காப்பாற்றியிருக்கிறான், சொந்தக்காரன் தொலைத்திருக்கிறான்!

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "தலைவர்கள் கடிதம் என்றால் சரி, முனியனும் கந்தனும் எழுதியதில் என்ன இருக்கும்? அரிசி விலையும் ஆட்டுக்குட்டி விவரமுந்தானே" என்கிறார்கள். அந்த அரிசி விலைதான் வேண்டும், ஐயா! தலைவர்கள் நாளைக்கு யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறார்கள். கந்தன் பெண்டாட்டிக்கு மட்டும் எழுதினான். அவன் பொய் சொல்லியிருந்தால், அவள் வருத்தப்படக் கூடாதே என்பதற்காகச் சொல்லியிருப்பான். அந்தப் பொய்கூட யுத்தத்தின் சரித்திரத்தில் சேர்ந்ததுதான்.

"குடும்ப ரகசியம் சந்திக்கு வந்துவிடுமே" என்பது அடுத்தது. இது நியாயமான பயம். கடன் தகராறு இருக்கலாம். அக்கரையில் இன்னொரு குடும்பம் இருந்த விஷயம் இருக்கலாம். அதற்குப் பரிகாரம் பூட்டு, நெருப்பல்ல. முப்பது வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று உறைமேல் எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுகிறவர்கள் கட்டுப்படட்டும்.

"சர்க்கார் செய்ய வேண்டிய வேலை" என்பது மூன்றாவது. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, நல்ல காரியந்தான். ஆனால் கலெக்டர் புவனகிரியைப் பற்றி எழுதியது அங்கே இருக்கும். புவனகிரிக்காரர் தம் தங்கைக்கு எழுதியதை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கலைஞர். பிறர் குப்பை என்று தள்ளிய புத்தகத்தையும் நோட்டீசையும் அழைப்பிதழையும் தனி மனிதராகச் சேர்த்தார். அவர் காலமான பிறகு அதைக்கொண்டு 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே ஏற்பட்டது. அவர் எந்த சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருந்தார்?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். ஊர் நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரியும் ஒரு பதிவு நோட்டும் போதும். மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் படம் எடுத்துப் படத்தைக் கொடுக்கலாம்; இன்று எல்லார் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. படம் எடுத்தாயிற்றே என்று மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கவும் வேண்டாம். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். குண்டூசியைக் கழற்றிவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்னும். கிழிசலுக்குப் பசை நாடா ஒட்டாதீர்கள்; பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டவும் வேண்டாம். உறையை வீசாதீர்கள், தபால் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதன்மேல்தான் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று. கடிதத்தில் "பெரியவனுக்கும் சின்னக்குட்டிக்கும் ஆசீர்வாதம்" என்று இருக்கும். பெரியவன் யார், சின்னக்குட்டி யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிஞ்சியிருப்பார்கள். 1942-ல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. காகிதமாவது பெட்டிக்குள் இன்னும் பத்து வருஷம் கிடக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லுகிறதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

போகிக்கு எரிக்க ஏதாவது வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், என் நாவல்களில் ஒன்றிரண்டைப் போடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைகளில் வேறு பிரதி கிடைக்கும். உங்கள் பாட்டிக்கு வந்த கடிதத்துக்கு உலகத்தில் இரண்டாவது பிரதி கிடையாது.