50 பவுன் பந்தயம்! பறிபோன எட்டு ஆண்டுகள்!

பீட்டர் சுவான், இங்கிலாந்து நாட்டின் பெயர் பெற்ற கால்பந்து வீரர். உயரமானவர். பின்களத்தில் நின்று எதிரிகளைத் தடுப்பதில் வல்லவர். இங்கிலாந்து அணிக்காக 19 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடினார். 1962-ம் ஆண்டு உலகக் கோப்பைக்காக சிலி நாட்டுக்குப் போன அணியிலும் இருந்தார். அங்கே உடல் நலம் கெட்டதால், ஒரு ஆட்டம் கூட ஆட முடியவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி அவருடைய வாழ்க்கை தடம் புரண்டது.

சுவான் ஆடிய அணி, ஷெபீல்டு வெட்னஸ்டே. "வெட்னஸ்டே" என்றால் புதன்கிழமை. (அணிக்கு இப்படியும் ஒரு பெயர்!) அன்று அந்த அணி, இப்ஸ்விச் ஊருக்குப் போய் ஆடியது. சுவானும், அவருடன் ஆடிய டோனி கே, டேவிட் லேன் ஆகியோரும் ஒரு ரகசியக் காரியம் செய்தார்கள். தங்கள் அணி தோற்கும் என்று ஆளுக்கு 50 பவுன் பந்தயம் கட்டினார்கள்!

யோசனை சொன்னவர், ஜிம்மி கால்டு என்ற முன்னாள் ஆட்டக்காரர். லேனுடன் முன்பு ஒரே அணியில் ஆடியவர். ஆட்டக்காரர்களைப் பிடித்து, பந்தயத்துக்காக ஆட்டங்களை விலை பேசுவதே அவருடைய தொழிலாகி இருந்தது.

இப்ஸ்விச் 2-0 என்று வென்றது. மூவருக்கும் ஆளுக்கு 100 பவுன் லாபம்.

நன்றாக ஆடினார், ஆனாலும் குற்றவாளி!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அன்றைய ஆட்டத்தில் சிறப்பாக ஆடியவர் டோனி கே என்று, "பீப்பிள்" என்ற ஞாயிறு பத்திரிகை எழுதியது. பின்னர் 1964-ம் ஆண்டு ஏப்ரலில் இந்தச் சதியை அம்பலப்படுத்தியதும் அதே பத்திரிகைதான்! சதிக்குத் தலைவரான கால்டுக்கே பெரும் தொகை கொடுத்து, உண்மையை வாங்கி வெளியிட்டது. கூட்டாளிகளை விற்றும் கால்டு பணம் பார்த்துவிட்டார்.

அந்த ஆட்டத்தில் நேர்மையாகத்தான் தோற்றோம் என்று சுவான் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் தங்கள் அணி ஜெயிக்கும் நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். வழக்கின் உயிர்நாடியே அதுதான். மழையில் நின்று, காசு கொடுத்து ஆட்டம் பார்க்கிற தொழிலாளி, களத்தில் நிற்பவன் ஜெயிக்கத்தான் ஓடுகிறான் என்று நம்புகிறான். தோல்வி மீது பணம் கட்டியவன், நன்றாக ஆடினாலும் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவனே.

வறுமையைக் காரணம் சொல்லவும் வழி இல்லை. இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் அது 1961-ம் ஆண்டிலேயே ஒழிந்துவிட்டது.

கோர்ட்டு போட்ட தண்டனையும், சங்கம் போட்ட தண்டனையும்

1965-ம் ஆண்டு ஜனவரியில் நாட்டிங்காம் நகர கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கால்டுக்கு 4 ஆண்டு ஜெயில். சுவான், கே, லேன் ஆகியோருக்கு தலா 4 மாதம். இது நியாயமான தண்டனை.

ஆனால் கால்பந்து சங்கம் இன்னொரு தண்டனை போட்டது. ஆயுள் முழுவதும் ஆடக்கூடாது! கோர்ட்டு 4 மாதத்தில் கணக்கை முடித்தது. சங்கமோ சாகும் வரை முடிக்க மாட்டேன் என்றது. அப்போது சுவானுக்கு வயது 28. பந்து ஆடுவதே அவருடைய தொழில். ஒரு தச்சன் தவறு செய்து ஜெயிலுக்குப் போய் வந்தால், இனி உளியையே தொடாதே என்று யாராவது சொல்வார்களா?

டோனி கேயின் கதை இன்னும் பரிதாபம். அந்த ஆட்டம் நடந்த அதே மாதம் எவர்டன் அணி அவரை 60 ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கியது. 1963-ம் ஆண்டில் அந்த அணி லீக் பட்டம் வென்றது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் ஆடி, ஒரு கோலும் போட்டார். அதுவே அவருடைய முதல் பன்னாட்டு ஆட்டம். கடைசி ஆட்டமும் அதுதான்.

1966-ம் ஆண்டு லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. நாடே கொண்டாடியது. அந்த அணியில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்று பலரும் கருதிய வீரர்கள், அன்று களத்துக்கு வெளியே இருந்தார்கள்.

மீண்டும் களத்தில்!

1972-ம் ஆண்டு சங்கம் மனம் இறங்கியது. தடை நீங்கியது. ஆயுள் தண்டனை தவறு என்று சங்கமே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. ஆனால் எட்டு ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? கே மறுபடி லீக் ஆட்டத்தில் இறங்கவில்லை. லேன் பழைய அணிக்குத் திரும்பியும், அதற்காக லீக் ஆட்டம் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை.

சுவான் மட்டும் விடவில்லை. 35 வயதில், அதே ஷெபீல்டு அணியின் உடையை அணிந்து களம் இறங்கினார். காட்டிக் கொடுத்தவன் என்று ரசிகர்கள் கூச்சல் போட்டிருக்கலாம். அவர்களோ கை தட்டி வரவேற்றார்கள்! சங்கத்தைவிட ரசிகர்களுக்குப் பெரிய மனது.

ஒரு ஆண்டு அங்கே. அடுத்து பரி அணி. பிறகு மேட்லாக் டவுன் என்ற சிற்றூர் அணிக்கு மேலாளர் ஆனார். 1975-ம் ஆண்டு அந்தச் சின்ன அணி, எப்.ஏ. டிராபி போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஆட்டம் நடந்த இடம், அதே வெம்பிளி. ஸ்கார்பரோ அணியை 4-0 என்று தோற்கடித்தது மேட்லாக். அப்போது சுவானுக்கு வயது 38.