கிரான் மரமும் எங்கள் பிள்ளைகளின் கிற்றாரும்



ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்ட கேள்வியோடு இம்முறை தொடங்குகிறோம். மகள் கிற்றார் பழகுகிறாள், சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும். "ரோஸ்வூட் போட்டதுதானே நல்லது? இங்கத்தைய மரத்திலை செய்ததும் இருக்கெண்டு சொல்லுகினம். கிரான் எண்டால் விறகுக்கும் நத்தாருக்கும்தானே!" என்றார்.

கிரானை இப்படி நினைப்பவர் அவர் மட்டுமல்ல. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் எங்கும் அதுதான் நிற்கிறது. 1947 முதல் ஒஸ்லோ நகரம் ஆண்டுதோறும் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்பும் நத்தார் மரமும் கிரானே. ஆனால் இத்தாலியில் ஸ்ராடிவாரி தன் வயலின்களின் முகப்புப் பலகைக்கு எடுத்ததும் இதே இனம்தான். அவருக்கு அல்ப்ஸ் மலைக் காட்டிலிருந்து கிடைத்தது. குளிரில் மெதுவாக வளரும் மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக விழும். பாரம் குறைவு, விறைப்பு அதிகம். தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் பலகைக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

எல்லாக் கிரானும் உதவாது. கணுவில்லாத, நேராக நார் ஓடுகிற அடிமரம் வேண்டும். கேக் துண்டு போடுவது போலக் குற்றியை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பிளக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காயவிட்டு, ஒரே துண்டை இரண்டாக அறுத்து, புத்தகம் போல விரித்து ஒட்டி, மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சீவுகிறார்கள். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். அதைத் தாங்க உட்புறத்தில் மெல்லிய சட்டங்கள் வைத்து, தட்டித் தட்டிக் காதால் கேட்டுத்தான் அவற்றைச் செதுக்குவார்கள். ஊரில் மிருதங்கக் கட்டையைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்களுக்கு இது புதினமாக இராது.

ரோஸ்வூட் மோகம் வருவது பின்பலகையிலும் பக்கங்களிலும். 1862இல் ஸ்பெயின் நாட்டு அன்ரோனியோ டி ரொறெஸ் இவற்றைக் கடதாசிக் கூழ் அட்டையால் செய்து, முகப்புக்கு மட்டும் நல்ல பலகை போட்டு ஒரு கிற்றார் கட்டினார். ஒலி முகப்பில்தான் இருக்கிறது என்று காட்டவே அதைச் செய்தார். 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், பின்மரம் மாத்திரம் வேறான ஆறு கிற்றார்களை மரம் கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். விலை கூடிய பிரேசில் ரோஸ்வூட்டுக்கும் மேப்பிளுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அந்தப் பிரேசில் மரமோ அழிந்துபோகும் நிலைக்கு வந்து, 1992 முதல் சர்வதேச வியாபாரத்துக்குத் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நோர்வேஜியர் பழைய காலத்திலேயே இருக்கிற மரத்தில் செய்து பழகியவர்கள். அவர்களுடைய ஹார்டாங்கர் ஃபேலெயில் அறியப்பட்ட மிகப் பழையதன் மேல் 1651 என்ற ஆண்டு இருக்கிறது. வில் தொடாத நான்கு ஐந்து தந்திகள் கீழே ஓடும், எங்கள் சித்தாரைப் போல. முகப்புக்குக் கிரான், மற்றவற்றுக்கு லொன், பியெர்க், ஊர். ஆம், இந்த நாட்டில் ஒரு மரத்தின் பெயர் 'ஊர்'! ஆற்றங்கரைகளில் நிற்கும், வெட்டினால் செம்மஞ்சளாகும். முதன்முதல் கேட்டபோது நாங்கள் சிரித்துவிட்டோம்.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு: பின்மரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முகப்பு ஒட்டுப்பலகையா, முழுப்பலகையா என்று பாருங்கள். ஒலித்துவாரத்தின் விளிம்பில் மேலே தெரியும் நார்க்கோடு பலகையின் தடிப்புக்குள்ளும் இறங்கினால் அது முழுப்பலகை. கையால் கட்டிய கிற்றாருக்கு விலை அதிகம். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை.

மரத்தைவிட நாங்கள் பயப்படவேண்டியது மாரிகாலத்து வீட்டுக் காற்றுக்கு. வெளியே உறைகுளிர், உள்ளே சூடாக்கி. வீட்டின் ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போய்விடும். வாத்தியத்துக்கு 45 முதல் 55 வேண்டும். இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ கையும் பெட்டியும் மாறி வந்த அம்மாவின் பலாமர வீணையைச் சூடாக்கிக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்த்து வைத்தோம். முதல் மாரியில், ஓரிரவு, வெடி போல ஒரு சத்தம். ஷெல் பழக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் குடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு.

பல ஆண்டுகள் அப்படியே சீலையால் மூடிக் கிடந்தது. பிறகு வயலின் திருத்தும் நோர்வேஜியர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வீணையை அவர் அதற்குமுன் கண்டதில்லை. குடத்தைத் தட்டிக் கேட்டார், மணந்து பார்த்தார், பலா என்றால் என்ன மரம் என்று கேட்டார். பழம் பெரிதாக வரும் என்று கையால் காட்டினோம். தன்னிடம் அந்த மரம் இல்லை, நிறத்துக்குக் கிட்ட வருவது இதுதான் என்று சொல்லி, ஊர் மரத்தில் மெல்லிய சிராய் ஒன்று சீவிப் பிளவுக்குள் இறக்கி ஒட்டினார்.

இப்போது பெட்டிக்குள் ஈரப் பஞ்சு ஒன்று துளையிட்ட டப்பாவில் இருக்கிறது, பக்கத்தில் சிறிய ஈரமானி. மகள் வாசிக்கிறாள். சிராய் மட்டும் பலாவைவிடக் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது.