செல்லோக்காரனின் கூலி

சங்கீதம் தெய்வம் தந்த வரம் என்று உருகும் கனவான்கள் ஒன்றை மட்டும் மறந்தும் பேசமாட்டார்கள். வித்வானுக்கும் வயிறு உண்டு!

ஐரோப்பிய வாத்தியக் குழுக்களில் செல்லோ என்று ஒரு வாத்தியம். வயலின் ஜாதிதான், உருவம் பெரிது. உட்கார்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில் போட வேண்டும். இதில் உலகப் புகழ் பெற்றவர் பாப்லோ கஸால்ஸ். 1876-ல் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் பிறந்தார். தகப்பனார் மாதா கோவிலில் ஆர்கன் வாசித்தவர். சங்கீதம் சோறு போடாது என்பது அவருக்கு அனுபவம். மகனைத் தச்சு வேலைக்கு அனுப்பவே எண்ணினார். தாயார் விடவில்லை. 11 வயதில் பார்ஸிலோனா நகர இசைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அக்காலத்தில் செல்லோ பழகும் மாணவன் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டே வில் போடவேண்டும். கைக்கு விலங்கு! கஸால்ஸ் அதை உதறினார். இரவில் காப்பிக் கடையில் வாசித்துக் கூலி வாங்கினார். 1895-ல் பாரிஸில் ஒரு கேளிக்கை அரங்கில் வேலை. வண்டிச் சத்தம் மிச்சம் பிடிக்க, வாத்தியத்தைச் சுமந்துகொண்டு நடந்தே போவார். தாயார் துணி தைத்தார். காசுக்காகத் தம் கூந்தலையும் விற்றார். எந்தத் தெய்வம் வந்தது?

அவர் கம்யூனிஸ்டு அல்ல. சில காலம் ஸ்பெயின் ராணியின் உதவித் தொகையில் படித்தவர்தான். பிற்பாடு உலகெங்கும் வாசித்துப் பொருள் ஈட்டினார். அதை எதில் போட்டார்? 1920-ல் பார்ஸிலோனாவில் சொந்தக் குழு அமைத்தார். அரைவயிற்றுக் கூலிக்கு அங்குமிங்கும் ஓடும் வாத்தியக்காரனுக்கு ஒத்திகை பார்க்க நேரமேது? கூலியை உயர்த்தினார், நஷ்டத்தைத் தாமே ஏற்றார்.

1926-ல் தொழிலாளர் கச்சேரிச் சங்கம் பிறந்தது. மாதம் 500 பெஸெட்டாவுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு அதில் இடம் கிடையாது! வருஷ சந்தா 6 பெஸெட்டா. ஞாயிறு காலையில் கச்சேரி. இது தர்மச் சோறு அல்ல. நிர்வாகம் தொழிலாளர் கையில், பத்திரிகையும் அவர்களுடையதே. ஆலைக்காரனுக்குப் பீத்தோவன் எதற்கு என்று கேட்கும் மேதாவிகள் கவனிக்கட்டும்.

1936 ஜூலை 18. ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராகப் பார்ஸிலோனாவில் கூடவிருந்த மக்கள் ஒலிம்பிக்குக்காக, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி ஒத்திகையில் இருந்தது. ராணுவம் கலகம் செய்கிறது, கலைந்துபோங்கள் என்று செய்தி வந்தது. மீண்டும் எப்போது கூடுவோமோ, முடித்துவிட்டுப் போவோமா என்று கஸால்ஸ் கேட்டார். வாத்தியக்காரர்களும் பாடகர்களும் சம்மதித்தார்கள். கடைசிப் பகுதியை முழுக்க வாசித்து முடித்தார்கள்.

அந்தக் குழு பிறகு கலைந்துபோனது. 1939-ல் பிராங்கோ வென்றான். கஸால்ஸ் பிரான்சில் தஞ்சம் புகுந்தார். ஸ்பானிய அகதிகளுக்காகக் கடிதம் எழுதினார், நிதி திரட்டினார். பிராங்கோவை உலக வல்லரசுகள் சகித்துக்கொண்டதைக் கண்டித்து, 1946-ல் மேடைக் கச்சேரியையே சில ஆண்டுகள் நிறுத்தினார். 1973-ல் போர்ட்டோரிகோவில் காலமானார். பிராங்கோ செத்தபின், 1979-ல் அவர் உடல் சொந்த ஊரான வெந்திரெலுக்கு வந்து சேர்ந்தது.