கம்பம் நம்முடையது, கணக்கும் நம் கைக்கு வரட்டும்

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் பறந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்கள் இருண்டு கிடந்தன.

அப்போது வந்தவர்கள் யார்? மின்சார வாரியத் தொழிலாளிகள். தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்களிலிருந்து லாரி லாரியாக வந்தார்கள். அண்டை ராஜ்யங்களிலிருந்தும் மின்சாரத் தொழிலாளிகள் வந்து கை கொடுத்தார்கள். யந்திரம் நுழைய முடியாத வயலில், முழங்கால் சேற்றில், கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். "இந்தத் தெருவில் மாதம் எவ்வளவு வசூலாகும்?" என்று கேட்டுவிட்டு அவர்கள் கம்பம் நடவில்லை. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் தவித்தது உண்மை. கடைசியில் வெளிச்சம் பெற்றவை ஏழைத் தெருக்களே என்பதும் உண்மை. ஆனால் லாபமில்லை என்று சொல்லி எந்தத் தெருவையும் கைவிட முடியவில்லை. ஏனெனில் அந்தக் கம்பம் ஒரு முதலாளியின் சொத்தல்ல, ஜனங்களின் சொத்து.

இன்னொரு புயலையும் நினைத்துப் பாருங்கள். 1999இல் ஒரிசாவில் மின் விநியோகத்தை நான்கு கம்பெனிகளாகப் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தார்கள். தனியார் வந்தால் திறமை வரும், நஷ்டம் போகும் என்று அன்று சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் அங்கே பெரும்புயல் அடித்தது. புயல் தாக்கிய மத்தியப் பகுதி ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. 2001இல் அந்தக் கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. மற்ற மூன்று கம்பெனிகளின் லைசென்ஸும் 2015இல் ரத்து செய்யப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அவை மறுபடி தனியாருக்கே போயின!

இரண்டு புயல்கள், இரண்டு வழிகள். எந்த வழி நமக்கு வேண்டும் என்பதே இன்றுள்ள கேள்வி.

வாரியம் தந்தது என்ன?

நமது ராஜ்யத்தில் மின்சாரம் வந்த கதையை மில் தொழிலாளிகள் அறிவார்கள். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது. அந்தக் கம்பி கோவைக்கு இறங்கியது, மில்களும் பெருகின. 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. அணையைக் கட்டியது பொதுப் பணம். மலையைக் குடைந்தது கூலியாட்களின் கை. அந்த மின்சாரத்தில் கொழுத்தவர்கள் மில் முதலாளிகள். நமக்குக் கிடைத்தது இரவு ஷிப்டு.

ஆனாலும் அந்த மின்சாரம் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் நாம் அதன்மேல் உரிமை கேட்க முடிந்தது. சென்னை நகருக்கு மின்சாரம் விற்றுவந்த கம்பெனியை 1947இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1இல் மின்சார வாரியம் அமைந்தது. சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டிய நெய்வேலி அனல்மின் நிலையம் 1962இல் இயங்கத் தொடங்கியது. அது மத்திய சர்க்காருடைய ஸ்தாபனம். அதன் மின்சாரமும் வாரியத்தின் கம்பிகளில் ஓடியது.

அதன் பலன் என்ன? கவலை கட்டி மாட்டோடு மாடாக உழைத்த விவசாயி பம்ப் செட்டு வைத்தான். ஒரு போகம் விளைந்த மேட்டுக்காட்டில் இரண்டு போகம் விளைந்தது. விவசாயத் தொழிலாளிக்கு வருஷத்தில் வேலை கிடைக்கும் நாட்கள் கூடின. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்ப் செட்டுகள் கட்டணமில்லா மின்சாரத்தில் ஓடுகின்றன. குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளிக்கும் விசைத்தறிக்காரருக்கும் தனிச் சலுகை உண்டு. 2023இல் அது கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 1000 யூனிட்டாகவும் உயர்ந்தது.

இதெல்லாம் மேலிருந்து விழுந்த தருமமா? இல்லை, தோழர்களே! 1970இல் பம்ப் செட்டு மின்சாரத்துக்கு யூனிட் 8 பைசாவை 10 பைசாவாக உயர்த்தினார்கள். கொங்கு நாட்டு விவசாயிகள் பொங்கி எழுந்தார்கள். அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு விவசாயிகள் மாண்டார்கள். 1972இல் கோவை நகரத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். இப்படிப் பல ஆண்டுகள் போராடிய பிறகே 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இரத்தம் சிந்திப் பெற்றதை இனாம் என்று எவன் சொன்னாலும் அவன் சரித்திரம் படிக்காதவன்.

"மின்சாரத்தைச் சேமியுங்கள்!" யாருக்குச் சொல்வது?

சேமிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் நம் உழைப்பில் வருவது. அதை வீணாக்குவது உழைப்பை வீணாக்குவதாகும். ஆனால் உபதேசம் எப்போதும் குடிசை வாசலில் வந்து நிற்பது ஏன்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிசையில் 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டினால், தினம் 5 மணி நேரம் எரிப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் சுமார் 15 யூனிட் மிச்சமாகும். நல்லதுதான். ஆனால் பங்களாவில் ஒன்றரை டன் ஏ.சி. யந்திரம் ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தின்கிறது. குடிசைவாசி இரண்டு மாதம் மிச்சம் பிடித்ததை அது ஒரே இரவில் விழுங்கிவிடும். பங்களாவுக்கோ கண்ணாடி மாளிகைக் கம்பெனிக்கோ போய் உபதேசம் செய்பவர் எத்தனை பேர்?

பம்ப் செட்டு விஷயமும் அப்படித்தான். "இலவசம் கொடுத்ததால் தண்ணீர் வற்றிவிட்டது" என்று சில மேதாவிகள் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிர்காக்களில், பூமியில் ஊறுவதை விட அதிகமாகத் தண்ணீர் இறைக்கப்படுகிறது. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. இதனால் முதலில் அடிபடுவது நம் ஆட்களே. பணக்காரர் 1000 அடிக்குப் போர் போடுகிறார். பக்கத்துச் சிறு விவசாயியின் திறந்த கிணறு வற்றுகிறது. அவன் காட்டில் வேலை செய்த விவசாயத் தொழிலாளி கூலி இழந்து திருப்பூருக்கு பஸ் ஏறுகிறான். மின்சாரத்துக்கும் இதனால் நஷ்டம்தான். தண்ணீர்மட்டம் இரண்டு மடங்கு ஆழத்துக்கு இறங்கினால், அதே தண்ணீரை மேலே கொண்டுவர ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம் செலவாகும்.

ஆனால் பரிகாரம் என்ன? சிறு விவசாயியின் பம்ப் செட்டில் மீட்டர் மாட்டிப் பணம் பிடுங்குவதா? ஒருக்காலும் இல்லை! ஏரியைத் தூர் வாரவேண்டும். வாய்க்காலைச் செப்பனிட வேண்டும். தேய்ந்துபோன பழைய மோட்டார்களைச் சர்க்கார் செலவில் மாற்றித் தரவேண்டும். சொட்டு நீர்ப்பாசனத்தைச் சிறு விவசாயிக்கும் எட்டச் செய்யவேண்டும். நைந்த கம்பிகளிலும், பளு தாங்காத டிரான்ஸ்பார்மர்களிலும் சூடாகி வீணாகும் மின்சாரத்தை முதலில் நிறுத்தவேண்டும். சேமிப்பின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும், உபதேசம் போதாது.

இயற்கையைக் காப்பது என்றால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. பொதுத்துறை என்பதற்காக இதற்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது. பொதுச் சொத்து பொதுமக்களுக்குத் தீங்கு செய்தால் தட்டிக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கே உண்டு. காற்றாலை விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் வந்தன. இன்று காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் வழி காட்டியது பொதுப்பணம், சொந்தம் கொண்டாடுவது பெரும்பாலும் தனியார். காற்று யாருடைய சொத்து?

நஷ்டம் எங்கிருந்து வந்தது?

வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2017இல் ராஜ்ய சர்க்கார் 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டும் தீரவில்லை. "பார்த்தீர்களா, குடிசைக்கும் பம்ப் செட்டுக்கும் கொடுத்துக் கெட்டது!" என்று கூக்குரலிடுகிறார்கள்.

சலுகைக்குச் செலவு உண்டு. அதைக் கொடுக்கவேண்டியது சர்க்கார். காலத்தில் முழுசாகக் கொடுத்தால் வாரியம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1991க்குப் பிறகு மின் உற்பத்தியில் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். சொந்த மின் நிலையங்கள் கட்டும் வேலை பின்தங்கியது. எண்ணூரிலும் உடன்குடியிலும் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இன்று விற்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குவதுதான். நீண்டகால ஒப்பந்தங்களில் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டவேண்டும். 2008க்கும் 2013க்கும் இடையே என்ன நடந்தது? கிராமங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லை. கோவைப் பட்டறைகள் மூடிக்கிடந்தன. தறிகள் நின்றன. தொழிலாளி கூலி இழந்தான். அந்தப் பஞ்சத்தில் அதிக விலைக்கு மின்சாரம் விற்றவர்கள் லாபம் அடித்தார்கள். அந்தக் கணக்கை யார் கேட்டார்கள்?

இப்போது இந்த நஷ்டத்தையே காரணம் காட்டி விநியோகத்தைத் தனியாருக்குத் திறக்கப் பார்க்கிறார்கள். மின்சாரச் சட்டத்தைத் திருத்த 2020, 2022, 2025 ஆண்டுகளில் மத்திய சர்க்கார் வரைவுகளும் மசோதாவும் கொண்டுவந்தது. முன்பணம் கட்டினால் வெளிச்சம், தீர்ந்தால் இருட்டு என்னும் மீட்டரைப் பொருத்த 2021இல் திட்டம் போட்டது. இதன் பொருள் என்ன? பணம் விளையும் நகரத்தையும் ஆலைகளையும் கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்வான். குடிசையும் காடும் வாரியத்தின் தலையில் விழும். பெரிய ஆலைகளிடம் கூடுதலாக வாங்கிக் குடிசைக்குக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு நொறுங்கும். அன்று சலுகையும் போகும், வாரியமும் போகும்.

கம்பம் ஏறுகிறவன் கதி

2010இல் வாரியத்தைப் பிரித்தார்கள். 2024இல் மறுபடி பிரித்தார்கள். பெயர் எத்தனை மாறினாலும் ஜனங்களுக்கு அது ஈ.பி.தான், கம்பத்தில் ஏறுகிறவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்த வேலைகளை ஒப்பந்தத் தொழிலாளிகள் செய்கிறார்கள். மழையிலும் இருட்டிலும் கம்பம் ஏறும் அவர்களில் பலருக்கு நிரந்தரம் இல்லை. தவறி விழுந்தால் குடும்பத்துக்கு நாதியில்லை. புயல் வந்தால் வீரன், புயல் போனால் அன்னியன்! பொதுத்துறையை உள்ளுக்குள் அரிக்கும் கரையான் இதுதான். வேலை செய்கிறவனுக்கு நியாயம் செய்யாத வாரியத்தை ஊரார் எப்படி நம் வாரியம் என்பார்கள்?

ஆகவே நாம் கேட்பது இவை:

மின் விநியோகத்தைத் தனியாருக்குத் தரும் எந்தச் சட்டமும் கூடாது.

தனியாரிடம் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்களின் கணக்கை ஜனங்கள் முன் வைக்கவேண்டும்.

சலுகைக்கான மானியத்தைச் சர்க்கார் காலந்தவறாமல் கட்டவேண்டும்.

காலியிடங்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும்.

சேமிப்பு வேலை கம்பியிலும் மோட்டாரிலும் தொடங்கவேண்டும். குடிசை விளக்கில் கைவைக்கக் கூடாது.

முடியுமா என்று கேட்கிறீர்களா? 2006இல் நெய்வேலிப் பங்குகளை விற்க மத்திய சர்க்கார் முனைந்தபோது அங்கே தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்பனை நின்றது. 2022இல் புதுவையில் மின்சாரத் தொழிலாளிகள் தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டில்லி எல்லையில் ஓர் ஆண்டு உட்கார்ந்த விவசாயிகள் மின்சார மசோதாவையும் கைவிடச் சொன்னார்கள். தனித்தனியே நின்றால் இவை தனிச் சண்டைகள். மில் தொழிலாளியும், விவசாயத் தொழிலாளியும், கம்பம் ஏறும் தொழிலாளியும் ஒரே அணியில் நின்றால் எந்தக் கம்பெனியும் நம் கம்பத்தைத் தொட முடியாது.

இன்று இரவு உங்கள் தெருவிளக்கின் கீழ் நாலு பேரைக் கூட்டுங்கள். இந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். அந்த வெளிச்சம் யாருடையது என்று கேளுங்கள்.