இயக்கம் திருடிய வாள்... அதே வாள் முன்னே அதிபர் பதவி! கொலம்பியாவின் குஸ்டாவோ பெட்ரோ சாதித்தது என்ன, சறுக்கியது எங்கே?

2022 ஆகஸ்ட் 7. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் பதவியேற்பு விழா. புதிய அதிபர் குஸ்டாவோ பெட்ரோ உறுதிமொழி எடுத்ததும் போட்ட முதல் உத்தரவே எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "சிமோன் பொலிவாரின் வாளைக் கொண்டு வாங்க" என்பதுதான் அந்த உத்தரவு. வாள் வந்து சேரும் வரை விழாவே நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒரு வாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கித் தந்த பொலிவாரின் அந்த வாளை, 1974 ஜனவரியில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து திருடிச் சென்றது எம்-19 என்ற கெரில்லா இயக்கம். 1991-ல்தான் வாள் திரும்பக் கிடைத்தது. அந்த இயக்கத்தில் பின்னாளில் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர்தான் இந்த பெட்ரோ.

கொலம்பியாவின் முதல் இடதுசாரி அதிபர் அவர். அவருடைய நான்கு ஆண்டு பதவிக்காலத்தின் கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 7. அந்நாட்டு அரசியல் சட்டப்படி மீண்டும் அதிபர் தேர்தலில் நிற்க முடியாது. ஆயுதத்தைக் கீழே போட்டு அதிபர் ஆனவரால், மற்றவர்களையும் ஆயுதத்தைக் கீழே போட வைக்க முடிந்ததா?

எம்-19: தேர்தல் கோபத்தில் பிறந்த இயக்கம்

1970 ஏப்ரல் 19-ல் நடந்த அதிபர் தேர்தலில் மோசடி நடந்ததாகப் பெரிய சர்ச்சை வெடித்தது. அந்தத் தேதியையே பெயராக வைத்துக்கொண்டு உருவானதுதான் எம்-19. காட்டுக்குள் இருந்த மற்ற கெரில்லா குழுக்களைப் போல இல்லாமல், நகரத்து மாணவர்களும் படித்தவர்களும் இதில் நிறைய இருந்தார்கள்.

1960-ல் பிறந்த பெட்ரோ இதில் சேரும்போது வயது வெறும் 17. இயக்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'அவுரேலியானோ'. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் வரும் பெயர் அது. சிபாக்கிரா என்ற ஊரில் பகலில் நகர மன்ற உறுப்பினர், ரகசியமாக இயக்கத்துக்காரர் என இரட்டை வாழ்க்கை.

1985 அக்டோபரில் ஆயுதம் வைத்திருந்ததாக ராணுவம் அவரைப் பிடித்தது. சிறையில் சித்திரவதை செய்யப்பட்டதாக பெட்ரோ சொல்லி வருகிறார்.

மறக்க முடியாத நவம்பர்

அவர் உள்ளே இருந்தபோதே, எம்-19 வரலாற்றின் மிக மோசமான சம்பவம் நடந்தது. 1985 நவம்பர் 6-ல் இயக்கத்தினர் உச்ச நீதிமன்றம் இருந்த நீதி மாளிகைக்குள் புகுந்து பலரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தனர். ராணுவம் பீரங்கி வண்டிகளோடு உள்ளே நுழைந்தது. கட்டடமே எரிந்தது. 11 உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட சுமார் 100 பேர் இறந்தார்கள்.

உயிரோடு வெளியே வந்த சிலரும் பிறகு காணாமல் போனார்கள். அதற்கு அரசே பொறுப்பு என்று 2014-ல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஆக, இரண்டு பக்கக் கைகளிலும் ரத்தம். பெட்ரோ அந்தத் தாக்குதலில் இல்லை. ஆனாலும் எதிர்க்கட்சிகள் இன்றுவரை அவர் மீது வீசும் முதல் கல் இதுதான்.

தலைவரைக் கொன்ற பிறகும் திரும்பாத துப்பாக்கி

1990 மார்ச்சில் எம்-19 அரசோடு ஒப்பந்தம் செய்து ஆயுதங்களை ஒப்படைத்தது. அதன் தலைவர் கார்லோஸ் பிசாரோ அதிபர் தேர்தலில் நின்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 26-ல் பறக்கும் விமானத்துக்குள்ளேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நேரத்தில் இயக்கம் மறுபடி துப்பாக்கியைத் தூக்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தூக்கவில்லை. புதிய அரசியல் சட்டம் எழுத நடந்த தேர்தலில் நின்று, 70 இடங்களில் 19-ஐப் பிடித்தது. 1991-ல் வந்த அந்தச் சட்டம்தான் இன்றும் கொலம்பியாவை ஆள்கிறது. அதே ஆண்டில் பெட்ரோ முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

2022-ல் அவருக்கு அதிபர் பதவிப் பட்டையை அணிவித்தவர் யார் தெரியுமா? கொல்லப்பட்ட பிசாரோவின் மகள், செனட்டர் மரியா ஹோசே பிசாரோ.

குப்பையால் பறிபோன மேயர் பதவி

நாடாளுமன்றத்தில் பெட்ரோ பெயர் வாங்கியது, வலதுசாரி ஆயுதக் குழுக்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இருந்த தொடர்பை அம்பலப்படுத்தியதில்தான். அந்த விவகாரத்தில் எம்.பி.க்கள் பலர் சிறைக்குப் போனார்கள்.

2012-ல் பொகோட்டா மேயர் ஆனார். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடமிருந்து எடுத்து மாநகராட்சியிடம் கொடுத்தார். மாற்றம் நடந்த சமயத்தில் தெருவெல்லாம் குப்பை குவிந்தது. இதைக் காரணம் காட்டி அரசின் ஒழுங்கு நடவடிக்கைத் தலைமை அதிகாரி அவரைப் பதவி நீக்கி, 15 ஆண்டுகள் அரசியலுக்கே தடை போட்டார். சில மாதங்களில் பெட்ரோ மீண்டும் மேயர் நாற்காலிக்கு வந்தார். அவருடைய அரசியல் உரிமை பறிக்கப்பட்டது உண்மை என்று 2020-ல் மனித உரிமை நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நிர்வாகத்தில் அவசரம், பிறகு சட்டப் போராட்டத்தில் வெற்றி. இந்த இரண்டுமே பெட்ரோவின் அடையாளம். 2010, 2018 என இரண்டு அதிபர் தேர்தல்களில் தோற்று, 2022-ல் சுமார் 50.4 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார்.

'முழு அமைதி' ஏன் முழுமை பெறவில்லை?

பெட்ரோவின் பெரிய வாக்குறுதியே 'முழு அமைதி'. ஈ.எல்.என். கெரில்லாக்கள், ஃபார்க் இயக்கத்திலிருந்து பிரிந்த குழுக்கள், கடத்தல் கும்பல்கள் என எல்லோரோடும் ஒரே நேரத்தில் பேசுவது திட்டம்.

தொடக்கமே தடுமாற்றம். 2022-ன் கடைசி நாளில் ஈ.எல்.என். உட்பட ஐந்து குழுக்களோடு போர்நிறுத்தம் என்று அறிவித்தார். "நாங்க அப்படி எதுவும் ஒத்துக்கலையே" என்ற கணக்கில் ஈ.எல்.என். மறுத்துவிட்டது. பிறகு 2023 ஆகஸ்டில் நிஜமாகவே போர்நிறுத்தம் வந்து, ஓர் ஆண்டு நீடித்தது.

2025 ஜனவரியில் வெனிசுவேலா எல்லையில் உள்ள கட்டடும்போ பகுதியில் ஈ.எல்.என். நடத்திய தாக்குதலில் பலர் கொல்லப்பட, 50,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். பேச்சுவார்த்தையை நிறுத்தி, நெருக்கடி நிலையை அறிவித்தார் பெட்ரோ.

எம்-19-க்கு வேலை செய்த மருந்து இங்கே ஏன் வேலை செய்யவில்லை? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

* எம்-19-க்கு ஒரே தலைமை இருந்தது. கையெழுத்துப் போட்டால் எல்லோரும் கட்டுப்பட்டார்கள். இன்றைய குழுக்கள் துண்டு துண்டாக உடைந்து கிடக்கின்றன.

* எம்-19 கேட்டது அரசியல் இடம். அதைக் கொடுக்க புதிய அரசியல் சட்டம் தயாராக இருந்தது. இன்று பல குழுக்கள் பிடித்து வைத்திருப்பது கோகைன் பாதைகளையும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களையும். எம்.பி. சீட் அதற்கு ஈடாகாது. ஐ.நா. கணக்குப்படி 2023-ல் கொலம்பியாவில் 2,53,000 ஹெக்டேரில் கோகா பயிர் இருந்தது.

* உயிர் பயம். 1980-களின் அமைதி முயற்சியில் பிறந்த 'தேசபக்த ஒன்றியம்' கட்சியைச் சேர்ந்த 5,700-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் போயோ இருக்கிறார்கள். 2016 ஒப்பந்தத்தில் ஆயுதம் ஒப்படைத்த ஃபார்க் வீரர்களில் 400-க்கும் மேற்பட்டோர் இதுவரை கொல்லப்பட்டுவிட்டனர்.

வீட்டிலும் வெளியிலும் சிக்கல்

2023-ல் பெட்ரோவின் மகன் நிக்கோலாஸ் பணமோசடி வழக்கில் கைதானார். வறண்ட லா குவாஹிரா பகுதிக்குத் தண்ணீர் லாரி வாங்கியதில் நடந்த ஊழல், ஆட்சியின் நல்ல பெயரையே அரித்தது. 2025 அக்டோபரில் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்கவில்லை என்று குற்றம்சாட்டி அமெரிக்கா அவர் மீதே பொருளாதாரத் தடை போட்டது. பெட்ரோ அதை முழுமையாக மறுத்தார்.

மறுபக்கம், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமலேயே 2025-ல் தொழிலாளர் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார். இரவு வேலைக்கும் ஞாயிறு வேலைக்கும் கூடுதல் சம்பளம் தரும் சட்டம் அது.

அடுத்தவருக்கு விட்டுச் செல்லும் கேள்வி

முன்னாள் கெரில்லா ஒருவர் ஜெயித்து, நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டி, நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டு ஆட்சி செய்ய முடியும் என்பதை கொலம்பியா பார்த்துவிட்டது. 1990-ல் அரசு எடுத்த ரிஸ்க் வீண்போகவில்லை.

ஆனால் ஒரு பெட்ரோ தப்பிப் பிழைத்து அதிபர் ஆனது மட்டும் போதாது. இன்று காட்டில் துப்பாக்கியோடு நிற்கும் 20 வயதுப் பையன், தனக்கு முன்னால் ஆயுதத்தை ஒப்படைத்தவர் ஊரில் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் பார்ப்பான். அவனுக்கு நம்பிக்கை தரும் பதிலைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, பெட்ரோவுக்குப் பின் வருபவர் யாராக இருந்தாலும் அவருக்கும் இருக்கிறது.