பூநாரையை எண்ணவும் படகுக்காரர் வேண்டும்

பொங்கல் முடிந்த கையோடு பழவேற்காடு படகுத்துறைக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கும். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி, கையில் நோட்டு. கல்லூரி மாணவர்கள், ஐ.டி.காரர்கள், ரிட்டயர் ஆன வங்கி ஊழியர்கள் என்று எல்லோரும் கலந்திருப்பார்கள். பெரும்பாலும் சென்னைவாசிகள்; அறுபது கிலோமீட்டர்தானே! சம்பளம் இல்லாமல், தூக்கத்தைத் தொலைத்துவிட்டு அவர்கள் வருவது பறவைகளை எண்ணுவதற்காக.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பல நாடுகளில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கும் வேலை இது.

ஆயிரக்கணக்கில் நிற்கும் பூநாரைகளை எப்படி எண்ணுவது? முதலில் பத்துப் பறவைகளை ஒழுங்காக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து, பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு, அதே அளவை வைத்து நூறு, ஐந்நூறு என்று கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கல்யாண மண்டபத்தில் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு பந்தி இருக்கு" என்று சொல்லும் சமையல்காரரின் கணக்கு மாதிரிதான். பழகப் பழகக் கை வரும்.

ஆனால், பறவைகள் இன்று ஏரியின் எந்த மூலையில் நிற்கின்றன என்பது பைனாகுலருக்குத் தெரியாது. அது படகுக்காரருக்குத் தெரியும். எங்கே முழங்கால் ஆழம், எங்கே படகு தரைதட்டும், நேற்று மாலை கூட்டம் எந்தப் பக்கம் பறந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பழவேற்காட்டு மீனவர்களுக்குப் பறவை என்பது வேடிக்கை அல்ல, தகவல். ஆலாக்கள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி இறங்கினால் கீழே மீன் ஓடுகிறது என்று அர்த்தம். பூநாரை நடக்கும் இடத்தில் தண்ணீர் ஆழமில்லை என்று அர்த்தம். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், கிட்டத்தட்ட அந்தப் பூநாரை நிற்கும் ஆழத்தில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஜனவரியில் ஒரு நாள் வந்து எண்ணுகிறவருக்குக் கிடைப்பது ஒரு போட்டோ. இவர்கள் பார்ப்பது முழுப்படம்.

அப்படியிருந்தும் கணக்கெடுப்பில் இவர்கள் பெரும்பாலும் 'படகு வாடகை' என்ற வரியோடு முடிந்துபோகிறார்கள்.

மீனவர்களிடம் ஒரு தயக்கமும் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், மீதி தமிழ்நாட்டில். ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாயின. இந்தத் தண்ணீரிலோ அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே 'பாடு' முறை நடக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 'இன்றைக்குப் பறவையை எண்ண வருகிறவர்கள், நாளைக்கு வலையை எடு என்பார்களோ?' என்ற பயம் வராமல் இருக்குமா? வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை வந்தால் விவசாயிக்கு லாபம். இங்கே நிலைமை வேறு. பூநாரை இங்கே கூடு கட்டுவதில்லை, குஜராத்தின் கட்ச் பாலைவனத்துச் சேற்றில்தான் கட்டும். பழவேற்காட்டுக்கு அது வருவது சாப்பிட. அதாவது, மீனவரும் பறவையும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பந்திக்குச் சோறு வரும் வாசல், முகத்துவாரம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அதன் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் சேர்ந்து அது அடைபட்டால் குஞ்சு வராது, உப்பின் அளவு மாறும், கோடையில் ஏரி வற்றும். வலையும் காலி, பறவைக்கும் பட்டினி. முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள் என்று மீனவர்கள் வருடக்கணக்காகக் கேட்டு, நேர்கல் சுவர் கட்டும் பணி வந்தது. முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் பறவைகள் என்ன ஆயின என்று கரையிலிருப்பவர்களே தேதி போட்டுக் குறித்து வைத்தால், அது விஞ்ஞானிக்கு ஆதாரம், ஊருக்கும் ஆயுதம்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தமிழ்நாட்டில் 2015-ல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கேட்பது, பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிவதைத்தான். படகில் இருக்கும் மகனோ, பத்தாவது படிக்கும் மகளோ போதும். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். தெரிந்ததை மட்டும் எழுதினாலே அது கணக்கு.

இன்னொன்று. கரையில் இறந்து கிடக்கும் பறவையின் காலில் சில சமயம் சின்ன உலோக வளையம் இருக்கும். மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் மாட்டிய வளையங்களில் தகவல் சொல்ல வேண்டிய முகவரியும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணையும், கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதி அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் மாட்டினார்கள் என்பது தெரிந்துவிடும்.